மூன்று ட்ரோன், ஒரு திரை: மூன்று காலபோகத்து அனுபவம்

கிளிநொச்சியில் முரசுமோட்டை, கண்டாவளைப் பக்க வயல்களில் மருந்தடிக்கும் மூன்று ட்ரோன்களை ஒரே டப்லெட்டில் பார்த்துக்கொள்வது என் வேலை. பறப்பில் எனக்கு முறைப்பாடு இல்லை. ட்ரோனைத் தானாக ஓட்டும் ஆர்டுபைலட் மென்பொருள் தன்பாட்டில் வரம்புக்கு வரம்பு கோடு பிடித்துப் போகும். சொல்ல வந்தது திரையைப் பற்றி.

முதல் கிழமையே கூத்துத்தான். ட்ரோனும் திரையும் தகவல் பரிமாறும் மாவ்லிங்க் முறையில் ஒவ்வொரு ஊர்திக்கும் 1 முதல் 255 வரை தனி எண் வேண்டும். புதிதாக வரும்போது எல்லாமே 1. நாங்கள் மாற்றாமல் பறக்கவிட்டோம். திரையில் ஒரேயொரு ட்ரோன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பாய்ந்துகொண்டிருந்தது! எண்ணை மாற்றியதும் சரி.

மற்றத் தொல்லை அப்படித் தீரவில்லை. படத்தில் மூன்றும் தெரியும், ஆனால் கட்டளைப் பொத்தான் ஒன்றுதான். மேல் மூலையில் எந்த எண் தெரிவாகியிருக்கிறதோ அதற்கே கட்டளை போகும். 2 பனைப்பக்கம் ஒதுங்குவதைக் கண்டு ‘திரும்பு’ அழுத்தினேன். திரும்பியது 3. 2 ஓலைக்குள் போய் ஒரு கை முறிந்து விழுந்தது. பிழை என்னுடையதுதான். ஆனால் இதே பிழையை யாரும் விடுவார்கள்.

திரை மென்பொருளின் மூலநிரல் யாரும் மாற்றக்கூடியபடி திறந்தது என்பதால் மருமகன் திரையையே மாற்றித் தந்தான். எண்களை விட்டுவிட்டு மாட்டுக்கு வைப்பதுபோல் செவலை, மயிலை, வெள்ளை என்று பெயர் வைத்தோம். ட்ரோனின் கையில் சுற்றிய ஒட்டுநாடாவின் நிறமே திரையிலும் வரும். ஒவ்வொன்றின் பொத்தானும் அதனதன் பெட்டிக்குள். மயிலையின் சாம்பல் நிறம் வெயிலில் தெரியவில்லை, நீலமாக்கினோம். பெயர் மட்டும் மயிலைதான். முன்பு மூன்றுக்கும் ஒரே ‘பீப்’. இப்போது மனைவியின் குரலில் “செவலை, பற்றரி குறையுது” என்று வருகிறது. ‘திரும்பு’ அழுத்தினால் பறந்து வரும் உயரமும் மூன்றுக்கும் 15 மீற்றராகவே இருந்தது. இங்கே பனைகள் 20ஐத் தாண்டும். 30, 35, 40 என்று பிரித்துவிட்டோம், வழியில் ஒன்றோடொன்று முட்டவும் மாட்டா.

ஒருவர் எத்தனையைப் பார்க்கலாம் என்பதற்கு ‘ஃபேன் அவுட்’ என்றொரு கணக்கு உண்டு. ஊர்தியைக் கவனிக்காமல் விடக்கூடிய நேரத்தை, அதற்குச் செலவாகும் நேரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். எனக்கு 9 நிமிடப் பறப்பு, மருந்தும் பற்றரியும் மாற்ற 3 நிமிடம். ஆக 4. ஆனால் மூன்றுக்கே திணறினேன், ஏனென்றால் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். அமெரிக்கக் கடற்படையில் போர் விமானியாக இருந்து ஆய்வாளரான மேரி கம்மிங்ஸ் சுட்டிக்காட்டியது இதைத்தான்: வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதற்கு வழி கிடைத்தது வேறு காரணத்தால். போர்க்காலத்தில் ஆளில்லா விமானத்தை இங்கே ‘வண்டு’ என்போம். மூன்றும் ஒன்றாக இரைந்து எழும்பினால் இன்றும் வீட்டுக்குள் போய்விடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். ஒரு ஆச்சி கேட்டார்: “தம்பி, ஒண்டொண்டா விடேலாதோ?” அன்றிலிருந்து வளவுகளில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, 4 நிமிட இடைவெளியில் எழுப்புகிறேன். இறங்குவதும் 4 நிமிடத்துக்கு ஒன்றாக வருகிறது. ஒன்றுக்கு மருந்து ஊற்றி முடிக்க அடுத்தது வரும்.