இரும்புக் கொட்டகைக்குக் கதவு, ஜன்னல், குறுக்குக் கம்பி: காட்பாடியிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

காட்பாடியில் எங்கள் வீட்டை ஒட்டி 2019-இல் ஓர் இரும்புக் கொட்டகை போட்டோம். ஒரு பாதி தையல் கூடம். மறு பாதி மூன்று பக்கமும் திறந்த கார் ஷெட். இத்தனை கோடைகளையும் மழைக்காலங்களையும் அதில் கழித்த பிறகு, புதிதாகப் போடுகிறவர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது ஒன்றுதான்: கதவும் ஜன்னலும் எங்கே வரும், சட்டம் சாயாதபடி மூலைக்கு மூலை இழுத்துக் கட்டும் குறுக்குக் கம்பி எங்கே வரும் என்பவற்றை ஒரே வரைபடத்தில், ஷீட் ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

இரண்டு தூண்களும் மேலே ஓர் உத்திரமும் கொண்ட சட்டம், மூலைக்கு மூலை இழுத்துக் கட்டப்படாவிட்டால் பக்கவாட்டுக் காற்றில் சாயும். திருகி முடுக்கிய ஷீட் ஓரளவு விறைப்பைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் ஷட்டருக்காகப் பத்தடி அகலம் திறந்துவிட்டால் அந்த இடத்தில் ஷீட்டும் இல்லை, குறுக்குக் கம்பிக்கும் வழியில்லை என்றாகிவிடுவதால், முழுச் சுமையையும் பக்கத்துக் கட்டம்தான் (அடுத்த இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) ஏற்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வேலை செய்த பட்டறையில், முகப்பு அழகாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்துக் கட்டத்தின் கம்பிகளையும் விட்டுவிடலாம் என்றார்கள். நாங்கள் இணங்கவில்லை. 12 மி.மீ. கம்பி இழுவையை மட்டுமே தாங்கும், அழுத்தினால் வளைந்துவிடும். ஆகையால் எக்ஸ் வடிவில் இரண்டு கம்பிகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு டர்ன்பக்கிள் (திருகிக் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் இணைப்பு) வைத்தோம். 2020 நவம்பரில் நிவர் புயல் கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோதும் எங்கள் ஷட்டர் பக்கவாட்டுத் தடத்தில் இடிக்காமல் ஏறி இறங்கியது. ஷட்டர் சிக்குகிறது என்றால் பலரும் ஸ்பிரிங்கைத்தான் மாற்றுகிறார்கள்; தூண் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

கார் ஷெட்டில் கவலை வேறு. அங்கே எக்ஸ் கம்பி வண்டியை மறிக்கும் என்பதால், தூணும் உத்திரமும் சேரும் மூலைகளில் 45 பாகையில் ஆங்கிள் தாங்கிகளை வைத்தோம். ஆனால் சாய்வைக் காட்டிலும் மேல்நோக்கிய இழுப்பே பெரிய ஆபத்து. கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் கணக்குப்படி, மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமம், அரை மி.மீ. தகர ஷீட்டின் எடையோ அதே பரப்புக்கு ஐந்து கிலோவுக்குள்தான். அந்த அழுத்தத்தில் பாதி மேல்நோக்கித் தூக்கினாலும், கூரையைப் பிடித்து நிறுத்துவது அதன் எடை அன்று, தூணின் அடித்தகடும் கான்கிரீட்டில் புதைந்த போல்ட்டுகளுமே. சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் புழுதியோடு வரும் சூறைக்காற்றுக்குப் புயல் எச்சரிக்கை எதுவும் இருக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கதவைப் பொறுத்தவரை, கூடத்தின் பக்கவாட்டில் மேல் தண்டவாளத்தில் தொங்கும் ஸ்லைடிங் கதவு எனக்கு முழு நிறைவு தந்தது. கீழே வழிகாட்டி மட்டும் இருப்பதால் புழுதி அடைப்பதில்லை. திறக்கும்போது கம்பி கட்டிய பக்கத்துக் கட்டத்தின் மேலேயே நகர்ந்து நிற்பதால் விறைப்புக்கும் குறைவில்லை. கீல் கதவை இவ்வளவு அகலத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். காற்று அதைப் பிடித்துச் சுழற்றும். எந்தக் கதவானாலும் காற்று வேகமெடுக்கும்போது மூடி, கொண்டியிட வேண்டும். காற்று வரும் பக்கம் மட்டும் திறந்திருந்தால் உள்ளே ஏறும் அழுத்தம் கூரையின் இழுப்போடு சேர்ந்துகொள்ளும்.

ஜன்னலில் வேலூர் வெயில்தான் தீர்மானிக்கிறது. மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தெற்கிலும் வடக்கிலும் தாழ்வாக ஜன்னல், முகட்டுக்குக் கீழே லூவர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுத் திறப்பு) என்று வைத்ததில், சூடான காற்று மேலே வெளியேற, கீழிருந்து புதிய காற்று வருகிறது; வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் நாட்களிலும் முற்பகல் முழுவதும் தையல் வேலை நடக்கிறது. ஜன்னல் சட்டத்தை ஷீட்டில் மட்டும் திருகாமல், இரும்புப் பெட்டிக் குழாயால் நான்கு பக்கமும் சட்டம் அமைத்து அதில் பொருத்தச் சொல்லுங்கள். மேல் விளிம்பில் மடித்த தகடு ஷீட்டுக்கு அடியில் செருகப்பட்டிருந்தால்தான் மழைநீர் வெளியே வழியும். இடைவெளியை அடைக்கும் சிலிக்கோன் பூச்சை மட்டும் நம்பிய ஒரு ஜன்னலில் எங்களுக்கு ஒழுகியது. ஆறு மீட்டர் இரும்பு ஷீட், 40 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், நாள்தோறும் நிகழும் அந்த அசைவில் பூச்சு பிளந்துவிடுகிறது.

திருகுகளின் ரப்பர் வாஷர்கள் வெயிலில் வெடிக்கின்றன. தெற்குச் சரிவில் பலவற்றை மாற்றிவிட்டோம். பங்குனியில் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை டர்ன்பக்கிள்களைப் பார்த்து, தொய்வு இருந்தால் இரண்டு கம்பிகளையும் சமமாக முடுக்குகிறோம். ஒன்றை மட்டும் அதிகமாக முடுக்கினால் தூணே அந்தப் பக்கம் இழுபடும் என்பதால், இந்த வேலையைத் தூக்குக்குண்டு இல்லாமல் செய்வதில்லை.