பழைய தட்டு, புதுப் பூ: சீனப் பீங்கான் வாங்குவோர் கவனத்துக்கு

சிங்கப்பூரில் பழைய சீனப் பீங்கான் சேர்ப்பவர்கள், அதிலும் எனாமலில் (பீங்கான் மேல் எழுதிச் சுடும் வண்ணம்) பூ, கொடி, பழம் எழுதிய தட்டுகளைத் தேடுபவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். தட்டு அசல் பழையது, அதன் மேல் இருக்கும் பூ மட்டும் புதிது. இப்படி ஒன்றை 1,400 வெள்ளிக்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சியான்லோங் பேரரசர் காலத்துத் தட்டு (1736–1795), சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஜெனில் செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது என்றார் கடைக்காரர். நடுவில் ரோஜா நிறத்தில் பெரிய பியோனிப் பூ, பக்கத்தில் ஒரு மொட்டு, விளிம்பைச் சுற்றி மெல்லிய நீலக் கோலம். "அடியைப் பாருங்க, அடி பொய் சொல்லாது" என்று கவிழ்த்துக் காட்டினார். மெருகு, அதாவது கண்ணாடிப் பூச்சு, பூசாத அடி வளையம் வழவழவென்று தேய்ந்திருந்தது, மெருகு முடியும் ஓரத்தில் லேசாகச் செம்மை படர்ந்திருந்தது. போலிகளில் அப்பும் பழுப்புச் சாயமும் இல்லை. அடி உண்மையைத்தான் சொன்னது. கூடவே, விளக்குத் தண்டாகக் கிடந்த யோங்ஜெங் பேரரசர் காலத்துப் பீச் பழம் எழுதிய ஜாடி 2002இல் ஹாங்காங் ஏலத்தில் 4 கோடியே 15 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போன கதையையும் அவிழ்த்துவிட்டார். அந்தக் கதை உண்மை. ஆனால் அதற்கும் இவர் விற்ற தட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வீட்டில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தத் தட்டில் யாரோ நிறைய சாப்பிட்டிருக்கிறார்கள், கத்திக் கீறல்கள் தாறுமாறாக ஓடுகின்றன. ஒரு நீளக் கீறல் வெள்ளை மெருகில் வந்து, பியோனி இதழின் ஓரத்தில் உள்ளே நுழைந்து, அடுத்த பக்கம் வெளியே வருகிறது. இதழின் மேலே ஒரு கோடுகூட இல்லை. பூ எழுதிய தட்டில் சாப்பிட்டிருந்தால் கீறல் பூவின் மேல்தானே விழுந்திருக்க வேண்டும்? இலைகளைச் சுற்றி மெருகில் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் வேறு. பழைய பீங்கானை மறுபடி சூளையில் வைத்தால் இப்படிப் புள்ளி தட்டுவது உண்டு.

இந்த மோசடிக்கு வழிவிடுவது செய்முறையேதான். மண்ணும் மெருகும் மெருகுக்கு அடியில் எழுதும் நீலமும் சுமார் 1,300 டிகிரியில் வெந்து முடிந்த பிறகுதான் மெருகின் மேல் எனாமல் எழுதி, 700, 800 டிகிரியில் இன்னொரு முறை சுடுவார்கள். அந்த இரண்டாவது சூட்டை இருநூறு வருடம் கழித்தும் ஒரு சின்னச் சூளையில் செய்துவிடலாம். நீல விளிம்பு மட்டும் உள்ள வெறும் தட்டுக்குப் பெரிய விலை கிடைக்காது. நடுவில் ஒரு பியோனி பூத்தால் விலை எங்கோ போய்விடும்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது இதுதான். இத்தனை தலைமுறை உடையாமல் வந்த ஒரு நல்ல பண்டத்தைக் கெடுத்துவிட்டார்கள். இனி அந்தப் பூவைச் சுரண்டினால் பழைய மெருகும் சேர்ந்து போகும்.

திரும்பக் கொண்டுபோனபோது கடைக்காரரின் பேச்சு மாறியது. "அந்தக் காலத்திலேயே ஹாலந்தில் எழுதியிருப்பாங்க" என்றார். ஹாலந்திலும் இங்கிலாந்திலும் சீனத் தட்டுகளின் மேல் எனாமல் எழுதியது உண்மைதான், அதற்கென்று சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியென்றால் அதையல்லவா முதலிலேயே சொல்லி விற்றிருக்க வேண்டும்? தவிர, ஹாலந்தில் அப்போதே எழுதியிருந்தால், பிறகு சாப்பிட்டவர்களின் கத்தி பூவை மட்டும் விட்டுவைத்திருக்காது. பில்லில் வெறுமனே "பழைய சீனத் தட்டு" என்று எழுதியிருந்ததைக் காட்டி, வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். சரி என்று சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான தகராறுகளை இரண்டு வருடத்துக்குள் அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் தேவையில்லை.

தட்டு எந்தக் காலம், எனாமல் எந்தக் காலம் என்று இரண்டையும் தனித்தனியாகப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

அதே நீல விளிம்போடு தாமரை எழுதிய தட்டு ஒன்றும் மாதுளைக் கிளை எழுதியது ஒன்றும் அந்த அலமாரியில் இருந்தன. அந்த மாதிரி சமீபத்தில் வாங்கியவர்கள், விளக்கைச் சாய்த்து ஒரு கீறலைப் பூ வரைக்கும் பின்தொடர்ந்து பாருங்கள். பூவுக்குள் நுழைந்து மறைந்தால் எனக்கு எழுதுங்கள், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.