புள்ளிக் கணக்குக்கு எது தோது: கையால் கோடிங்கா, மெண்டிக்ஸா, ஜேஹிப்ஸ்டரா?

காரைக்குடியில் மூன்று பேராக மென்பொருள் எழுதுகிறோம். சென்ற ஆண்டு ஒரு நகரச் சிவன் கோவிலின் புள்ளி வரி நோட்டைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலை வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியாரில், கோவில் வரி புள்ளிக் கணக்கில்தான். கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி; துணையை இழந்தவர் அரைப்புள்ளி. இந்த ஒரே வேலையை மூன்று வழியில் செய்து பார்த்தோம்: முழுக்கக் கையால் எழுதி; எந்தத் தகவல் எதோடு சேரும் என்ற மாடலை வரைந்தே செயலி உண்டாக்கும் மெண்டிக்ஸில்; எழுத்தில் தந்த மாடலிலிருந்து கோட் உண்டாக்கும் ஜேஹிப்ஸ்டரில்.

முதலில் ஸ்பிரிங் பூட் (சர்வர் பக்கம்), ஆங்குலர் (திரைப் பக்கம்) வைத்து முழுக்கக் கையால். எல்லாம் நம் பிடியில் இருக்கும். அது பெரிய நிம்மதி. பிறகு, 'விலாசம்' சேர்க்கச் சொன்னார்கள். செட்டியார் வீடுகளில் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து வரிசை அது. டேட்டாபேஸ் டேபிள், அதற்கு ஈடான ஜாவா கிளாஸான என்டிட்டி, திரைக்குத் தகவல் கொண்டுபோகும் டிடிஓ, படிவம், பட்டியல், ரசீது என ஆறு இடத்தில் கை வைக்க வேண்டும். ஐந்தில் வைத்தோம். ரசீது விலாசம் இல்லாமலே அச்சாகி வந்தது. பையன்களைத் திட்டிப் பயனில்லை. ஒரே விஷயத்தை ஆறு தரம் சொல்லவைக்கும் முறையில்தான் கோளாறு.

மெண்டிக்ஸ் இதற்கு நேர் எதிர். மாடலை வரைந்து, மைக்ரோஃப்ளோ என்ற ஓட்டப்படத்தில் வேலையைக் கோத்தால் ஒரே மதியத்தில் திரை ஓடுகிறது. டெமோ காட்ட இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அரைப்புள்ளி விதிகள் சேரச் சேரப் பெட்டியும் அம்புமாகத் திரை நிறைந்துவிட்டது. ஜாவாவில் நாலு வரியில் படித்துவிடக்கூடியதை அங்கே தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அதைவிட உறுத்தியது, வரைந்த மாடல் அவர்களுடைய ரன்டைம் (அதை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் ஓடாது என்பதுதான். தலைமுறையாகக் காத்த கணக்கை வாடகை வீட்டில் குடிவைக்க மனம் வரவில்லை.

மாடலிலிருந்து கோட் பிறக்கும் என்ற பேச்சு புதிதல்ல. மென்பொருள் தரநிலைகளை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு, எம்டிஏ என்ற மாடல்வழி முறையை அறிவித்தது 2001இல். அதில் யூஎம்எல் என்ற வரைபட மொழியின் படங்கள்தான் அடிப்படை. ஜேஹிப்ஸ்டருக்குப் படம் வேண்டாம், ஜேடிஎல் என்ற எழுத்துக் கோப்பு போதும். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைத்தால் யார் எந்த வரியை மாற்றினார் என்பது தெரியும். விலாசத்துக்கு அதில் ஒரு வரி சேர்த்தோம். ரசீது தவிர மற்ற ஐந்தும் தானாக வந்தன.

இதிலும் இரண்டு பள்ளம் உண்டு. திரும்ப ஜெனரேட் செய்தால் நாம் கையால் திருத்தியது அழிந்துபோகலாம். அதனால் அரைப்புள்ளிக் கணக்கைத் தனி கிளாஸில் எழுதி, கருவி உண்டாக்கிய கோப்புகளைத் தொடாமல் விட்டோம். இரண்டாவது, டேட்டாபேஸ் மாற்றங்களை வரிசையாக நடத்தும் லிக்விபேஸ். இன்க்ரிமென்டல் சேஞ்ச்லாக் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் குறிப்பு) என்ற தெரிவைப் போடாவிட்டால் கருவி பழைய சேஞ்ச்லாகையே மாற்றி எழுதிவிடும். கோப்பு மாறியதா என்று காட்டும் செக்சம் எண் ஒத்துவராமல், ஏற்கெனவே டேட்டா இருக்கிற சர்வரில் அப்ளிகேஷன் எழும்பாது. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

எங்கள் தேர்வு ஜேஹிப்ஸ்டர்தான். நேரம் மிச்சம் என்பது பாதிக் காரணம். மீதியைக் கோவில் கணக்குப்பிள்ளை ஐயா காட்டினார். ஜேடிஎல்லில் குடும்பம், புள்ளி, ரசீது என்று நம் சொற்களையே ஆங்கில எழுத்தில் வைத்திருந்தோம். அச்செடுத்த ஒரு பக்கத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை வரிமேல் ஓட்டியவர், குடும்பத்தையும் ரசீதையும் இணைத்த இடத்தில் நிறுத்தினார்.

"தம்பி, வரி குடும்பத்துக்கு இல்ல, புள்ளிக்கு. ஒரு வீட்டுல மூணு புள்ளி இருந்தா மூணு ரசீதுல்ல போடணும்?"

அந்த வரியில் 'குடும்பம்' என்பதை அடித்துவிட்டு, பென்சிலால் 'புள்ளி' என்று எழுதிக் கொடுத்தார்.