வண்ணாரப்பேட்டை கண் மருத்துவமனை ஒன்றில் விழித்திரைப் பரிசோதனை

பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவரும் என் அம்மாவை, பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய தெருவிலுள்ள ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இன்றும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பவர் என்பதால், இந்தச் செலவு எதற்கு என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் படம் எடுத்த பின்னர், கை நரம்பில் ஃப்ளோரசீன் சாயம் செலுத்தி மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். காரணம் கேட்டபோது அவர் பொறுமையாகத் தந்த விளக்கத்துக்காகவே இதை எழுதுகிறேன். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால், இரத்தத்திலுள்ள புரதங்கள் வெளியே கசிவதில்லை. ஸ்ட்ரெப்டோசோடோசின் மருந்தால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்து நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளிலோ, இரத்தத்தின் ஆல்புமினோடு ஒட்டிக்கொள்ளும் இவான்ஸ் நீலச் சாயம் சில வாரங்களிலேயே விழித்திரைக்குள் கசிகிறது. செல்களைப் பிணைக்கும் ஆக்ளூடின் என்னும் புரதம் குறைவதும், வி.இ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணி பெருகுவதும் அதற்குக் காரணங்களாம். விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியவர்களுக்கு இன்று கண்ணுக்குள் போடும் ஊசி, அந்தக் காரணியைத் தடுப்பதுதான்.

எங்களை உலுக்கியது நாய்களைப் பற்றிய செய்தி. 1987-இல் வெளியான ஆய்வில், இரண்டரை ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்பாடின்றி விடப்பட்ட நாய்களுக்கு, அடுத்த இரண்டரை ஆண்டுகள் அதை நன்றாகக் கட்டுப்படுத்திய பிறகும் விழித்திரைப் பாதிப்பு வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. தொடக்கம் முதலே கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் தப்பியிருக்கின்றன. அதன் பிறகு அம்மா செலவைப் பற்றிப் பேசவே இல்லை. எலிகளின் கண்ணில், மனிதர்களுக்கு முற்றிய நிலையில் வருவதுபோலப் புதிய இரத்தக் குழாய்கள் பொதுவாக முளைப்பதில்லை என்பதையும் மருத்துவர் மறைக்காமல் சொன்னது, அவர்மேல் எனக்கு மதிப்பைக் கூட்டியது.

குறைகளும் உண்டு. காலை 8 மணிக்கு டோக்கன் வாங்கியும் பகல் 12.30-க்குத்தான் உள்ளே அழைத்தார்கள். சாயம் செலுத்துவதற்கான ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. வண்ணாரப்பேட்டை மக்களிடம் அதில் கையெழுத்து வாங்குவது முறையாகாது. ஒவ்வாமை உண்டா என்று கவனமாக விசாரித்த செவிலியர், சாயத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்பதைச் சொல்லவில்லை. வீடு திரும்பியதும் அம்மா பயந்துவிட்டார்.

படத்தில் வலக்கண்ணில் இரண்டு இடங்களில் சாயம் கசிந்திருந்தது, நடுப்பகுதியைத் தொடாமல். ஆறு மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே மருத்துவரிடமே செல்வோம்.