வீடு விற்க ஒருவர், வாங்க ஒருவர்: ஏரியா புரோக்கரா, ஏஜென்சியா, இணையதளமா?

நல்ல புரோக்கர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, விற்கப் போகிறீர்களா, வாங்கப் போகிறீர்களா என்பதைத்தான். இரண்டுக்கும் ஒரே ஆள் சரிப்பட்டு வருவது அபூர்வம். அவருக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால், பேரம் முற்றும்போது அவர் யார் பக்கம் சாய்வார் என்பது தெரிந்துவிடும்.

சென்னையின் தென்புறத்தை எடுத்துக்கொள்வோம். நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி, தாம்பரம். பழைய தனி வீடு, பதினைந்து வருட ஃப்ளாட், புதிதாக எழும் கட்டடம் எல்லாம் கலந்து விற்பனையாகிற பகுதி. இங்கே ஏரியா புரோக்கர், ரியல் எஸ்டேட் ஏஜென்சி, இணையதளங்கள், பில்டருக்காக ஆள் பிடிக்கும் சேனல் பார்ட்னர் என்று நான்கு வழிகள் இருக்கின்றன.

ஏரியா புரோக்கரை, விசிட்டிங் கார்டு கூட இல்லாதவர் என்பதற்காக ஒதுக்கிவிடுவது தவறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, மே மாதத்தில் எந்த அடுக்ககத்துக்கு லாரித் தண்ணீர் வருகிறது, எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரச்சினை ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்தத் தகவல் எந்த இணையதளத்திலும் கிடைக்காது. பழைய தனி வீட்டை விற்கிறவருக்கு இவரை விடச் சிறந்த வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. அப்படிப்பட்ட வீட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் அதே வட்டாரத்தில் வாடகைக்கு இருப்பவர், அல்லது இடித்துக் கட்ட இடம் தேடும் சிறிய பில்டர். இருவரையுமே ஏரியா புரோக்கருக்குத் தெரியும்.

அவர் தன் கமிஷனுக்கு உண்மையில் உழைப்பது டோக்கன் அட்வான்ஸ், அதாவது பேரத்தை உறுதிப்படுத்தும் சிறு முன்பணம், கொடுக்கிற அன்றைக்குத்தான். ஹாலில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருக்கும், காபி வரும், விலையை யார் முதலில் சொல்வது என்று இரு பக்கமும் தயங்கும். வாங்க வந்தவரின் மாமனார், ‘கிச்சன் பக்கம் ஈரம் அடிக்குதே’ என்பார். வீட்டுக்காரர் முகம் சுருங்கும். புரோக்கர் அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய், ‘சார், நல்ல பார்ட்டி, லோன் சாங்ஷன் ஆகி கையில இருக்கு, ரெண்டு லட்சத்துக்கு இழுக்காதீங்க’ என்பார். திரும்பி வந்து வாங்குகிறவர் காதிலும் ஏதோ சொல்வார். நேருக்கு நேர் பேசியிருந்தால் முறிந்திருக்கும் பேரம் இப்படித்தான் படிகிறது.

இதே இடத்தில்தான் கவனமும் தேவை. அறுபது லட்சம் கேட்கிற ஃப்ளாட்டுக்கு, வழக்கமாக நடப்பதுபோல இரு பக்கமும் ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்களிடமிருந்து அவருக்கு வருவது 60,000 ரூபாய். 57 லட்சத்துக்கு முடிந்தால் 57,000. உங்களுக்கு மூன்று லட்சம் போகிறது, அவருக்கு மூவாயிரம் குறைகிறது. எனவே அவருக்கு முக்கியம் விலை அல்ல, வேகம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. கடைசி விலையை அவரிடம் முதல் நாளே சொல்லாமல் இருந்தால் போதும்.

உண்மையான ஆபத்து வேறு. ‘உங்களுக்கு எவ்வளவு கைக்கு வரணும், அதை மட்டும் சொல்லுங்க, மேல வர்றதை நான் பார்த்துக்கறேன்’ என்று ஒரு புரோக்கர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் அறுபது என்பீர்கள், அவர் வெளியே 66 என்பார், நடுவில் உள்ள ஆறு லட்சம் அவருடையது. கமிஷனுக்கு வேலை செய்கிற ஆள் வியாபாரியாக மாறிவிடுகிறார், அதற்கு நீங்களே சம்மதமும் கொடுத்துவிட்டீர்கள். வாங்குகிறவருக்கும் இது நஷ்டம். வீட்டுக்காரரைக் கடைசி வரை கண்ணில் காட்டாமல், ‘ஓனர் பிஸி, எல்லாம் என்கிட்டயே பேசுங்க’ என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால், நடுவில் இப்படி ஒரு தொகை ஒளிந்திருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்காரரை நேரில் பார்க்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள்.

டோக்கனை ரொக்கமாகக் கேட்பதும் இந்த வட்டாரத்தில் சகஜம். வீடு, மனை விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைக் கையில் வாங்கிய விற்பனையாளருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். அந்த நோட்டீஸ் புரோக்கர் வீட்டுக்கு வராது, விற்றவர் வீட்டுக்குத்தான் வரும்.

ஏஜென்சி என்பது ஆபீஸ், ஒப்பந்தக் கடிதம், நல்ல போட்டோக்கள், சாவியை வைத்துக்கொண்டு வீட்டைக் காட்ட ஓர் ஆள். கமிஷன் கூடுதலாக இருக்கும், இரண்டு சதவீதம் கேட்பவர்கள் உண்டு, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. தெருவிலேயே குடியிருக்கிற குடும்பம் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. உரிமையாளர் துபாயிலோ அமெரிக்காவிலோ இருந்தால் கதை வேறு. வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு விற்பவருக்கு, எழுத்தில் பொறுப்பேற்கிற ஆள் வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டை வாங்குகிறவர்கள் இங்கே நிறைய தடுமாறுகிறார்கள். இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டை வாங்கினால் விலையிலிருந்து ஒரு சதவீதத்தை டி.டி.எஸ். என்ற வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் அந்த ஒரு சதவீதக் கணக்கு செல்லாது. விகிதம் பல மடங்கு அதிகம், ஐம்பது லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் பொறுப்பு வாங்கியவர் தலையில். ‘ஒரு பர்சென்ட் போதும் சார்’ என்று சொல்கிற ஏஜென்ட், எவ்வளவு பெரிய ஆபீஸில் உட்கார்ந்திருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாதவர். ஓர் ஆடிட்டரிடம் போய்விடுங்கள்.

99 ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்கள் விலை தெரிந்துகொள்ள மிக நல்லவை. இருநூறு வீடுள்ள பெரிய வளாகத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் விற்கிறீர்கள் என்றால், அதே வளாகத்தில் நாலு பேர் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அந்த மாதிரி ஃப்ளாட்டுக்குப் புரோக்கரே இல்லாமல் ஆள் கிடைக்கவும் செய்யும். தனி வீட்டுக்கு இது ஒத்துவருவதில்லை. ஒவ்வொரு தனி வீடும் வேறு, ஒப்பிட விலை கிடையாது. ‘ஓனர்’ என்று போட்டிருக்கிற பல விளம்பரங்களில் ஃபோன் எடுப்பது புரோக்கர்தான். ஒரே ஃப்ளாட் மூன்று விலையில் இருந்தால், மூன்று பேர் கையில் அது சுற்றுகிறது என்று பொருள். வாரக்கணக்கில் வருகிற ஃபோன்களுக்குப் பதில் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

புது ஃப்ளாட் வாங்கப் போகிறவரைத் தேடி சேனல் பார்ட்னர் தானே வருவார். கார் அனுப்புவார், ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) முழுக்கச் சுற்றிக் காட்டுவார், உங்களிடம் ஒரு ரூபாய் வாங்க மாட்டார். அவருக்கு பில்டர் கொடுக்கிறார். எந்த பில்டர் அதிகம் கொடுக்கிறாரோ அந்தக் கட்டடம்தான் கடைசியில் ‘உங்க பட்ஜெட்டுக்கு பெஸ்ட்’ ஆகும். அவரை வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆனால் முடிவெடுக்க அவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் சட்டம் வாங்குகிறவருக்குப் பலமாக நிற்கிறது. 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ வருகிற திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அதை விற்றுத் தருகிற ஏஜென்ட்டும் பதிவு எண் வைத்திருக்க வேண்டும். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. ‘ப்ரீ லாஞ்ச் சார், ரெரா நம்பர் அடுத்த மாசம் வந்துடும், இப்ப புக் பண்ணா சதுர அடிக்கு முந்நூறு கம்மி’ என்பவர் சட்டத்தை மீறித்தான் அதைச் சொல்கிறார்.

ஆனால் பழைய ஃப்ளாட் விற்கிற புரோக்கரும் இன்று ‘ரெரா ரிஜிஸ்டர்டு’ என்று கார்டில் அச்சடித்துக்கொள்கிறார். பத்து, இருபது வருடப் பழைய வீட்டின் மறுவிற்பனை அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. அந்த எண்ணை நம்பி அங்கே பத்திரத்தைப் பார்க்காமல் விடாதீர்கள்.

பத்திரம் என்று வந்துவிட்டால் நான்கு வழிகளிலும் எனக்கு ஒரே கருத்துதான். லீகல் பார்ப்பதற்குப் புரோக்கர் காட்டுகிற வக்கீல் வேண்டாம். பதிவு நடந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன், அவர் அழைத்து வருகிற வக்கீலுக்கு அடுத்த வேலையும் அவரிடமிருந்துதான் வரும். பதிவை நிறுத்தச் சொல்லும் தைரியம் உள்ள வக்கீலை உங்கள் சொந்தச் செலவில் பிடியுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே புதிதாக எடுத்து, முப்பது வருடத்துக்காவது பாருங்கள். அதில் பதிவான பரிவர்த்தனை மட்டும்தான் இருக்கும். பதிவு செய்யாத உயில் அதில் தெரியாது. மூலப்பத்திரத்தின் அசல் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

பதிவுச் செலவிலும் இதே கண்டிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம், ஆன்லைனிலேயே கட்டலாம். அறுபது லட்சத்துக்கு 5.4 லட்சம். இதற்கு மேல் ‘ஆபீஸ் செலவு’ என்று ஒரு மொத்தத் தொகை சொன்னால், எது எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கமிஷனையும் வீட்டைக் காட்டத் தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மேல், யாருக்கு, எப்போது. டோக்கன் போட்ட மறுநாள் ‘இந்த வீட்டை முதல்ல காட்டினது நான்தான்’ என்று இன்னொருவர் வாசலில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. அதனால், கூட வருகிற மற்ற புரோக்கர்களுக்கு இதே தொகையிலிருந்துதான் பங்கு என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமிஷன் பணம் பதிவு முடிந்த அன்று, சப்-ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அல்ல, வங்கிக் கணக்கு வழியாக.