பாம்பெர்க்கில் ஒரே ஒரு மாலை: ஷ்லெங்கர்லாவா, ஸ்பெட்சியாலா?

ஜெர்மனியில் பாம்பெர்க் பக்கம் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், “ஷ்லெங்கர்லாவை விட்டுவிடாதே” என்பார்கள். நானும் முதல் நாள் மாலை நேராக அங்கேதான் போனேன். மறுநாள் ஸ்பெட்சியாலில் உட்கார்ந்து முதல் மிடறு குடித்ததும், நேற்றே இங்கே வந்திருக்கலாமே என்று பட்டது. ஒரு மாலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டுமே புகை பீருக்குப் பேர்போன மதுக்கூடங்கள். முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, பீச் மரக்கட்டை எரியும் தீயின் மேல் உலர்த்துவார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, அப்படியே பீருக்குள்ளும் வந்துவிடும். ஒரு காலத்தில் பல ஊர்களிலும் பீரில் புகை வாடை இருந்தது. புகை படாமல் சூடான காற்றில் உலர்த்தும் சூளைகள் வந்தபின் மற்றவர்கள் மாறிக்கொண்டார்கள். இந்த இரண்டு வீடுகளும் மாறவில்லை. இன்றும் தங்களுக்கு வேண்டிய மால்ட்டைத் தாங்களே புகையில் வாட்டி எடுக்கிறார்கள்.

வயதை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. ஷ்லெங்கர்லா இருக்கும் வீடு 1405-இலேயே ஆவணத்தில் வருகிறது, ஸ்பெட்சியால் 1536-ஐச் சொல்கிறது. சாப்பாடும் இரண்டிலும் பாம்பெர்க் இருக்கும் பிராங்கோனிய வட்டாரத்துச் சாப்பாடுதான். மேசையில் காலி இடம் இருந்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுவிட்டுப் பக்கத்தில் அமரலாம். வழக்கமாக வந்துபோகும் உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய மேசையில் மட்டும் உட்காராதீர்கள்.

ஷ்லெங்கர்லா பார்க்க வேண்டிய இடம்தான், அதில் சந்தேகமில்லை. பேராலயக் குன்றின் அடிவாரத்தில், மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடு. மரப்பீப்பாயில் குழாயை அடித்து இறக்கி, பீர் தன் எடையிலேயே குவளைக்குள் விழும்படி ஊற்றுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கூட்ட நேரத்தில் உள்ளே இடம் கிடைக்காதவர்கள் குவளையோடு தெருவில் நின்று குடிப்பதும் அங்கே வழக்கம். அங்கே பிரதானம் 5.1 சதவீத ஆல்கஹால் உள்ள மெர்ட்சன் என்ற புகை பீர். கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட பழுப்பு நிறம். வாயருகே கொண்டுபோகும் முன்பே புகையூட்டிய பன்றி இறைச்சியின் வாடை மூக்கில் ஏறிவிடும்.

நான் முடிவு செய்தது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான்: எத்தனையாவது குவளையில் பிடிக்க ஆரம்பிக்கிறது? ஷ்லெங்கர்லா பீர் மூன்றாவது குவளையில்தான் பிடிபடும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான். முதல் குவளை முழுக்க என் நாக்கு புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் பாதி இறங்கியபின்தான் அடியில் மால்ட்டின் இனிப்பு தெரிந்தது. அங்கே ஒரு குவளை என்பது அரை லிட்டர். மூன்று குவளை என்றால் ஒன்றரை லிட்டர். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் அவ்வளவு நேரம் உட்கார முடியாது, அவ்வளவு குடிக்கவும் முடியாது. ஒன்றோடு எழுந்துவிடுவார். ‘புகை பீர் எனக்கு ஒத்துவராது’ என்ற எண்ணத்தோடு ஊர் திரும்புவார். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். அவருக்குப் பிடிக்காமல் போனது புகை பீர் அல்ல, அதன் முதல் அரை லிட்டர்தான்.

ஸ்பெட்சியாலில் அந்தக் காத்திருப்பு இல்லை. அங்கே குடிக்க வேண்டியது செம்பு நிறத்து லாகர் வகைப் புகை பீர். முதல் மிடறில் சாதாரண நல்ல பீர் போலத்தான் இறங்குகிறது. விழுங்கியபின், விறகடுப்பு அணைந்த அடுக்களைக்குள் நுழைந்தாற்போல, புகை மெதுவாகத் தொண்டையில் நிற்கிறது. அப்புறம் அடுத்த மிடறுக்குக் கை தானாகப் போகிறது. சாப்பாட்டின் ருசியையும் அது அமுக்குவதில்லை. மதுக்கூடமும் பீர் காய்ச்சும் இடமும் ஒரே வளாகத்தில்தான். ரயில் நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு நடந்து போகும் வழியில், ஓபரே கோனிக் தெருவிலேயே இருக்கிறது. அக்கம்பக்கத்து மேசைகளில் உள்ளூர்க்காரர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மாலை முழுக்க யாரும் படம் எடுத்து நான் பார்க்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் போனது கோடையில். ஷ்லெங்கர்லாவில் அக்டோபரில் உர்பாக் என்ற திடமான புகை பீர் வரும், கிறிஸ்துமஸை ஒட்டி ஓக் மரப் புகையில் வாட்டிய 8 சதவீத பீர் வரும். இரண்டையும் நான் குடித்ததில்லை. குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு என் தீர்ப்பு பொருந்தாமல் போகலாம். கனமான புகை உங்களுக்கு முன்பே பழக்கம் என்றாலும் சரி, நேராக ஷ்லெங்கர்லாவுக்கே போங்கள்.

இரண்டு மாலை கிடைத்தால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் ஸ்பெட்சியால். மறுநாள் அதே தெருவிலிருந்து கிளம்பி, பாலத்தைத் தாண்டி, ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய நகர மன்றத்தைக் கடந்து மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்தில் ஷ்லெங்கர்லா வந்துவிடும். மாலை சாய்வதற்கு முன்பே போய்விடுங்கள். இருட்டியபின் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், மூன்றாவது குவளை வரை நின்றுகொண்டே குடிக்க முடியாது.