விழுந்த பிறகு மின்சார மலைச் சைக்கிளுடன் 14 மாதங்கள்

இந்தச் சைக்கிளை வாங்கிய முதல் 10 மாதங்களில் இதைப் பற்றி எழுதியிருந்தால், மோட்டாரின் இழுவையைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 625 வாட் மணி பேட்டரி, முன்னும் பின்னும் 150 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் என்று பெருமையாகப் பட்டியல் போட்டிருப்பேன். பிறகு ஒரு நாள் விழுந்தேன். அன்றைக்கு நானும் நண்பரும் சுற்றிச் சுற்றிப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவுகட்டிய பாகங்களில் பாதி, பிறகு வாரக் கணக்கில், மாதக் கணக்கில் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. என் உடம்பும் அப்படித்தான். அதனால் மோட்டாரைப் பற்றி எழுத நினைத்த இடத்தில் எலும்பையும் போல்ட்டையும் பற்றி எழுதுகிறேன்.

விழுந்தது இறக்கத்தில். மழை நின்று ஒரு மணி நேரம்கூட ஆகாத பாதை. குறுக்கே கிடந்த ஈர வேரில் முன்சக்கரம் வழுக்கி, அடுத்திருந்த கல்லில் முட்டி நின்றது. நான் நிற்கவில்லை. மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் இருக்கும். 25-ஐத் தாண்டினாலே மோட்டார் விலகிக்கொள்ளும் வகை வண்டி இது. எனவே மோட்டார் மேல் பழி போட வழியில்லை, சரிவும் என் அசட்டுத் துணிச்சலும்தான் காரணம். ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து வலது தோளில் இறங்கினேன். இதுவரை எந்தச் சைக்கிளிலும் நடக்கக்கூடியதுதான். பின்னாலேயே கரணமடித்து வந்த 24 கிலோ என் தொடையில் விழுந்ததே, அது மின்சாரச் சைக்கிளுக்கென்றே உள்ள விசேஷம். சாதாரண மலைச் சைக்கிள் 14, 15 கிலோ இருக்கும். அந்தப் பத்துக் கிலோ வித்தியாசம் கடையில் தூக்கிப் பார்த்தபோது பெரிதாகத் தெரியவில்லை. தொடையில் தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் அதன் சிறிய திரை, பேட்டரி 61 சதவீதம் என்று நிதானமாகக் காட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

உடன் வந்த நண்பர் "அசையாதீர்கள், அப்படியே இருங்கள்" என்று கத்தியபடி ஓடிவந்தார். கழுத்தைத் திருப்பவிடாமல் அங்கே வலிக்கிறதா என்று கேட்டார், விரல்களை அசைக்கச் சொன்னார், வண்டியின் மின் இணைப்பை நிறுத்தினார். அவர் செய்தது எல்லாம் சரி. நான் செய்ததுதான் மடத்தனம். ஐந்து நிமிடத்தில் எழுந்து, "ஒன்றுமில்லை, ஓட்டிக்கொண்டே இறங்கிவிடலாம்" என்றேன். அவர் தடுக்கத் தடுக்க ஏறியும்விட்டேன். இருநூறு மீட்டர் போயிருப்பேன். வலது கை ஹேண்டில்பாரின் மேல் இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. இறங்கிவிட்டேன். பிரேக் குழாய் அறுந்திருக்கிறதா, சக்கரம் நேராக இருக்கிறதா, எதையும் பார்க்காமல் ஏறியிருந்தேன். "சைக்கிளுக்கு என்ன ஆயிற்று என்று நான்கு முறை கேட்டீர்கள், நான்கு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டீர்கள்" என்று நண்பர் பிறகு சொன்னார். ஒருமுறை கேட்டதுகூட எனக்கு நினைவில்லை. மூளை அதிர்ச்சிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அந்த நிலையில் இருக்கிறவரிடம் ஓட்ட முடியுமா என்று கேட்பதே வீண்; முடியும் என்றுதான் சொல்வார்.

மருத்துவமனையில் காறையெலும்பு நடுவில் முறிந்திருப்பது முதல் படத்திலேயே தெரிந்தது. சைக்கிளில் விழுகிறவர்களுக்கு வழக்கமாக முறிகிற எலும்பு, வழக்கமாக முறிகிற இடம். முனைகள் அதிகம் விலகாததால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டினார்கள். மணிக்கட்டு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆனால் மருத்துவர் என் கட்டைவிரலை விரிக்கச் சொல்லி, அதன் அடியில் விழுகிற சிறு குழியில் தன் விரலை வைத்து அழுத்தினார். கத்திவிட்டேன். "படத்தில் தெரியவில்லை என்றால் முறியவில்லை என்று பொருளில்லை. இதற்கும் கட்டு போடுகிறேன், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார். இரண்டாவது படத்தில் மயிரிழை போல ஒரு கோடு. ஸ்கேஃபாய்டு என்கிற அந்த எலும்பு முந்திரிப் பருப்பு போலத்தான் இருக்கும். ரத்தம் அதற்கு விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் பின்பாதிக்கு ரத்தம் எட்டாமல் எலும்பே செத்துப்போகக்கூடும். விழும்போது கையை ஊன்றியவர்கள் யாராக இருந்தாலும் அந்தக் குழியை அழுத்திப் பார்க்கச் சொல்வேன்.

தலைக்கு முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல நடை. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், உடம்பில் ஒரு பக்கம் பலவீனம், இவற்றில் எது வந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லி அனுப்பினார்கள். அவை வரவில்லை. மூன்று வாரம் கைபேசித் திரை கண்ணைக் குத்தியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிச்சல் வந்தது. (இரண்டாவது குணம் விபத்துக்கு முன்பே உண்டு என்கிறார் என் மனைவி.)

ஹெல்மெட்டைப் பார்த்தால் வெளியே நகக்கீறல் அளவுதான் அடையாளம். உள்ளே இருந்த மெத்தைகளைப் பிய்த்தெடுத்த பிறகுதான் நுரைப் பகுதியில் ஒரு விரிசலும், கட்டைவிரல் பதிந்ததுபோல ஓர் அமுக்கமும் தெரிந்தன. அந்த நுரை நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, நசுங்கியது திரும்ப எழாது. அதன் வேலை ஒரு தடவை, அதோடு சரி. வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதபடி வாரை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.

இனி வண்டி. இந்த வேலையில் எனக்கு ஒரு கைதான், மீதி எல்லாம் நண்பரின் கைகள். முதலில் அவர் செய்ததைப் பாராட்ட வேண்டும்: வீடு சேர்ந்ததும் பேட்டரியைக் கழற்றி, முற்றத்தின் நடுவில், சிமெண்டுத் தரையில், பக்கத்தில் எரியக்கூடியது எதுவும் இல்லாமல் வைத்தார். எனக்கு அது மிகையாகப் பட்டது. திரை வேலை செய்கிறதே, 61 சதவீதம் காட்டுகிறதே என்றேன்.

படித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 36 வோல்ட் பேட்டரி என்பது பத்துப் பத்தாகத் தொடுத்த லித்தியம் அயனி செல்களின் அடுக்கு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மின்முனைகளைப் பிரித்து வைப்பது தாளைவிட மெல்லிய ஒரு படலம். அடி வாங்கிய செல்லில் அந்தப் படலம் கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகி, சூடேறி, அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும். இது விழுந்த உடனே நடக்க வேண்டும் என்றில்லை. சில மணி நேரம் கழித்தோ, சில நாள் கழித்தோ, சார்ஜ் போடும்போதோ நடக்கலாம். திரையில் ஓடும் எண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. வீக்கம், இனிப்பான ரசாயன வாடை, சீறும் ஓசை, காரணமில்லாத வெப்பம் இருந்தால் கிட்டேயே போகக் கூடாது. எங்கள் பேட்டரியில் இவை எதுவும் இல்லை. மூலையில் உறை வெளுத்து ஒரு கோடு மட்டும் ஓடியிருந்தது. பிளாஸ்டிக் வளைந்து திரும்பினால் வருமே, அந்த வெள்ளைக் கோடு.

முதலில் காட்டிய பணிமனையில் "சார்ஜ் போட்டுப் பாருங்கள், ஏறினால் நல்லதுதான்" என்றார்கள். அந்த ஆலோசனையை இன்று நினைத்தாலும் முதுகு சில்லிடுகிறது. இரண்டாவது பணிமனையில் கணினியோடு இணைத்துப் பார்த்தார்கள். பிழைக் குறியீடு ஏதும் இல்லை, மின்னழுத்தமும் சரி. ஆனாலும் அங்கிருந்த மெக்கானிக், "மென்பொருள் மின்னழுத்தத்தைத்தான் பார்க்கும், நசுங்கலைப் பார்க்காது. உறையில் அடி தெரிகிற பேட்டரிக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்" என்றார். மாற்றினேன். வண்டியின் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. மனம் ஆறப் பல நாள் ஆயிற்று. அடிபட்ட லித்தியம் பேட்டரியைச் சாதாரணப் பார்சலில் அனுப்பக் கூடாது, ஆபத்தான சரக்கு என்ற வகையில் தனிப் பொதி வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பழையதை அவர்களே மறுசுழற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சட்டகம் அலுமினியம். முதலில் கழுவினோம், ஏனென்றால் சேறு இருக்கும் இடத்தில் விரிசல் தெரியாது. பிறகு இருட்டில் டார்ச்சைக் குழாயோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தோம். நேரே அடிக்கும் வெளிச்சத்தில் மறைகிற மேடுபள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக விழும். முன்பக்க மோதலில் முதலில் பார்க்க வேண்டியது கீழ்க் குழாய் ஹேண்டில் கழுத்தோடு சேரும் வெல்டிங்கின் பின்புறம். அங்கே பெயிண்ட் சுருங்கியிருந்தால் உலோகம் மடங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். பஞ்சை எடுத்து வெல்டிங் நெடுகத் தேய்த்தோம். விரிசல் இருந்தால் பஞ்சு இழை சிக்கும். சிக்கவில்லை. மேல் குழாயில் பிரேக் பிடி திரும்பி இடித்த இடத்தில் வழவழப்பான ஒரு பள்ளம் மட்டும். கூரான மடிப்பு இல்லாததால் அப்படியே விட்டோம், இன்றும் அப்படியே இருக்கிறது. கார்பன் சட்டகமாக இருந்திருந்தால் இந்த நிம்மதி கிடைத்திருக்காது. மேலே கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டி ஓசை மங்குகிறதா என்று கேட்கலாம், ஆனால் அது சந்தேகத்தைக் கிளப்ப உதவும், தீர்க்க உதவாது. அதற்கு மீயொலிச் சோதனைதான்.

ஹேண்டில்பார் என்னை ஏமாற்றியது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நேராகவே இருந்தது. பிடியைக் கழற்றிய பிறகு, இறுக்கிப் பிடிக்கும் விளிம்பு பட்ட இடத்தில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. கழற்றி மேசையில் வைத்து உருட்டினோம். டக், டக் என்று ஒரு முனை தூக்கியது. நான் அந்த இருநூறு மீட்டரை ஓட்டியது இதைப் பிடித்துக்கொண்டுதான். புதியது போட்டோம், போல்ட்டுகளைக் கை மதிப்பில் முறுக்காமல், பாகத்தின் மேலேயே அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினோம். பிரேக் பிடிகள் தப்பியது அதிர்ஷ்டமல்ல: அடி பட்டால் சுழன்று விலகட்டும் என்று அவற்றைக் கொஞ்சம் தளர்வாகவே முடுக்கி வைத்திருந்தேன்.

சக்கரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பிகளை வீணை மீட்டுவதுபோலச் சுண்டிப் பார்த்ததில் இரண்டு மட்டும் சுருதி இறங்கியிருந்தன. பிரேக் டிஸ்க் லேசாக உரசியது, நிமிர்த்தினோம். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருந்தது. சட்டகத்தைக் காப்பாற்றத் தான் வளைவதற்கென்றே இருக்கிற துண்டு அது. வளைந்ததை வைத்துக்கொண்டு மிகத் தாழ்ந்த கியருக்குப் போனால் கியர் கூண்டு கம்பிகளுக்குள் நுழைந்துவிடும். காலோடு மோட்டாரும் சேர்ந்து தள்ளுகிற வண்டியில் அதன் விளைவை நினைத்துப் பார்க்கவே விருப்பமில்லை. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த பொது அளவு ஹேங்கர் என் வண்டியில் இருந்ததால் மாற்றுத் துண்டுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

விழுந்த பிறகு மூன்றாவது மாதம் மருத்துவர் சமதளத்தில் மட்டும் ஓட்ட அனுமதித்தார். இங்கே இந்த வண்டி நன்றியை வாங்கிக்கொண்டது. மோட்டார் உதவியோடு மிதித்தால் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை, தோளுக்கு வேலையில்லை. ஆனால் வாசலில் மூன்று படிகள் இருந்தன. ஓட்ட அனுமதி கிடைத்த கைக்கு 24 கிலோவைத் தூக்க அனுமதி கிடைக்கவில்லை. பேட்டரியைக் கழற்றி மூன்றரைக் கிலோ குறைத்த பிறகும் முடியவில்லை. ஒரு பலகையைச் சாய்த்து, மோட்டார் நடைவேகத்தில் உருட்டும் பொத்தானை அழுத்தி, வண்டி தானே ஏறும்படி செய்தேன். இயன்முறை மருத்துவர் தந்த ரப்பர் பட்டைப் பயிற்சியைவிட அந்தப் பலகைதான் என் பொறுமையைப் பழக்கியது.

ஐந்தாவது மாதம் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் டிக் டிக் என்று ஓர் ஓசை. மோட்டார் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், மோட்டாரைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்திருந்தது. எட்டாவது மாதம் முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எண்ணெய் வளையம். விழுந்த நாளில் கல் பட்டு ஒரு பொட்டுக் கீறல் ஏற்பட்டிருக்கிறது. நகத்தை ஓட்டினால் சிக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலும் கீழும் போய்வரும்போதெல்லாம் அது எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் என்கிற ரப்பர் வளையத்தை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் நாளே நகத்தை ஓட்டியிருந்தால் ஒரு சீல் மிச்சம்.

ஒன்பதாவது மாதம் அந்த இடத்துக்கு மறுபடி போனோம். வேர் அங்கேயே இருந்தது, அன்றைக்குக் காய்ந்திருந்தது. நண்பர் ஓட்டிக் கடந்தார். நான் தள்ளிக்கொண்டு கடந்தேன். இப்போதும் அப்படித்தான்.

இதே வண்டியை மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், வாங்குவேன். ஒரு நிபந்தனை மட்டும்: பேட்டரியைச் சாவி போட்டு ஒரு நிமிடத்தில் வெளியே எடுக்க முடிய வேண்டும். சட்டகத்துக்குள்ளேயே பூட்டி வைக்கிற மெலிந்த, அழகான வகைகளை இனி நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அன்றைக்கு அப்படி ஒரு வண்டியாக இருந்திருந்தால் முற்றத்தில் கிடந்திருப்பது முழுச் சைக்கிளும்தான்.

பழைய ஹேண்டில்பாரை இன்னும் வைத்திருக்கிறேன். விழுந்து எழுந்து "என் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிற நண்பர்களின் கையில் அதைக் கொடுத்து, நேராக இருக்கிறதா என்று கேட்பேன். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு எல்லோரும் நேராக இருக்கிறது என்பார்கள். அப்புறம் வாங்கி மேசையில் உருட்டுவேன்.